பலகையில் இருந்த எண்

ஆகஸ்ட் 20, புதன்

ஜோயல்புரம் ஆலயத்தில் முப்பத்தொரு வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். இன்று பட்ட அவமானத்தை ஒரு நாளும் பட்டதில்லை.

பொன்னையா மகள் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றாயிற்று. எந்தப் பாட்டு என்று எனக்குக் காட்டுவதற்கென்றே ஆர்கனுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சின்னப் பலகை உண்டு. கோயில் பிள்ளை மாசிலாமணி அதில் மர எண்களை மாட்டிவைப்பான். மணி அடிப்பது, பாய் விரிப்பது, விளக்குப் போடுவது எல்லாம் அவன் வேலை. தூண் மறைப்பதால் அந்தப் பலகை சபைக்கும் தெரியாது, பின்னால் நிற்கிற குவயர் பாடகர்களுக்கும் தெரியாது. அச்சடித்த நிரல் ஒன்றும் கொடுத்திருந்தார்கள், பொடி எழுத்து, யார் படிப்பது? பலகையைப் பார்த்தேன். எழுபத்து மூன்று. வாசித்தேன். ஆர்கனில் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கைதான் யோசிக்கும். இரண்டு வரி போன பிறகுதான் உறைத்தது. எழுபத்து மூன்று, பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பாடுகிற பாட்டு!

பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாளாம். ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) திரும்பி என்னைப் பார்த்த பார்வையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

முடிந்ததும் மாசிலாமணியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "எழுபத்தெட்டு, கல்யாணப் பாட்டுதான் சார் மாட்டுனேன். கோயிலுக்குள்ள நிக்கேன், பொய் சொல்லுவனா?" என்றான். ஆனால் அதற்குள் எண்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தான். ஆராதனை முடிந்ததும் கழற்றுவது அவன் வழக்கம்தான். இருந்தாலும் தப்பை மறைக்கத்தான் கழற்றினான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. ஏன் பேச வேண்டும்? எழுபத்து மூன்றுதான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சபைக் கமிட்டி கூடியது. இனிமேல் மாசிலாமணி எல்லாப் பாட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, என்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பலகையில் மாட்ட வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். இருபது வருடமாக இருக்கிறவன்தான், என்ன செய்ய?

வாசல் நிலையைப் புதிதாகப் போட்ட ஆசாரியை இன்று பிடித்தேன். "நட்டநடுவுல வளைஞ்சிருக்கே, கண்ணு தெரியாமலா இழைச்சீரு?" என்றேன். அவர் நூல் பிடித்துக் காட்டினார். நூலும் வளைந்துதான் இருந்தது. வாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் வாங்கிய இந்த நோட்டிலும் கோடுகள் சரியில்லை. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி மங்கலாக அச்சடித்திருக்கிறான். எல்லாவற்றிலும் ஏமாற்று.

ஆகஸ்ட் 30, சனி

கீரை ஆய்ந்து கொடுத்தேன். மனைவி ரூபவதி வாங்கிப்போய், அடுப்படியில் திரும்ப ஒருமுறை ஆய்ந்தாள். கேட்டால், "சும்மா கை பரபரங்குது" என்கிறாள். ஸ்கூட்டரைத் துடைத்து மூடிவைத்தேன். முதுகுவலிக்கு நடப்பதுதான் நல்லது.

பிரிசில்லா டீச்சர் வந்தார், எங்கள் குவயரை நடத்துகிறவர். செப்டம்பர் 28 பிரதிஷ்டைப் பண்டிகை, ஆலயம் கட்டி நூற்றிருபத்தைந்தாம் வருடம். பிஷப் வருகிறார். அதற்கென்று டீச்சரே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பதினாறு பக்கம். பழைய பாட்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். இது உலகத்தில் யாருமே கேட்காத பாட்டு. இசைக்குறிப்பு எழுதிய நோட்ஸைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

"சார் இருக்கையில எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். போனதும் நோட்ஸை விரித்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் வேறு மட்டமாக எடுத்திருக்கிறார்கள். வரிகளுக்கு நடுவில் ஒரே அழுக்கு.

செப்டம்பர் 5, வெள்ளி

மகள் ஜெமிமா வந்திருக்கிறாள், பண்டிகை முடியும் வரை இருப்பாளாம். சந்தோஷப்பட்டால், வந்தது என்னைப் பார்க்க அல்ல, என்னை வைத்துச் சோதனை பண்ண!

சென்னையில் அவள் கம்பெனி, மேடையில் வாசிப்பவர்களுக்கென்று ஒரு கண்ணாடி செய்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிடச் சட்டம் தடிமன். போட்டுக்கொண்டால் ஆர்கன் தெரிகிறது, கை தெரிகிறது, அதற்கு மேலே காற்றில் நோட்ஸ் தொங்குகிறது. மூலையில் பிரிசில்லா டீச்சரின் கை அசைவது கட்டம் போட்டுத் தெரியும். இதுவரை அவரைப் பார்க்க ஆர்கன் மேல் ஒரு பழைய அம்பாசடர் கார் கண்ணாடியை முறுக்கிவைத்திருந்தேன். பக்கம் புரட்டவும் ஆள் வேண்டாம். சட்டத்துக்குள் கடுகளவு கேமரா நம் கருவிழியையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் கடைசி வரியின் ஓரத்துக்கு வந்ததும் பக்கம் தானே மாறும்.

"இதெல்லாம் இல்லாமத்தான் முப்பத்தொரு வருசம் வாசிச்சேன்ளா" என்றேன்.

"எனக்காக ஒரு தடவ போடுங்கப்பா. மூணே பேருக்குத்தான் குடுத்திருக்கோம். சென்னையில ஒரு வயலின்காரர், கோயமுத்தூருல ஒரு கிடார்காரர், அப்புறம் நீங்க. பண்டிகை அன்னைக்கு எங்க மேனேஜர் சென்னையிலேருந்து வீடியோவுல பாப்பாரு. ஒழுங்கா ஓடலன்னா இந்த வேலையவே மூடிருவாங்க. ரெண்டு வருசமா செஞ்சதுப்பா."

செப்டம்பர் 8, திங்கள்

அதிசயம்! நோட்ஸை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கலாம். பித்தானைத் தட்டத் தட்ட வளர்கிறது. ஒவ்வொரு புள்ளியும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நின்றது. காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து ஐந்து பக்கம் வாசித்தேன். எத்தனை மாதமாயிற்று இப்படி வாசித்து! அழுகை வந்தது. ஆர்கன் பெட்டிக்குள் தூசி அதிகம்.

ஜெமிமா போனில் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா அளவ நானூறுல வச்சிருக்கீங்க? மத்தவங்க நூறத் தாண்டலையே" என்றாள். வசதியாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 13, சனி

குவயரோடு முதல் பயிற்சி. மானம் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் பாதி வரியில் இருக்கும்போது கண்ணாடி ஐந்தாம் பக்கத்துக்குத் தாவியது. நான் நிறுத்த, பாட்டு நிற்க, முப்பது பேர் என் முதுகைப் பார்க்க. மறுபடி தொடங்கினோம். மறுபடி தாவியது.

"சாரா இப்படி?" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

"நான் என்னம்மா செய்ய, கண்ணாடி கோளாறு" என்று உரக்கச் சொன்னேன். ஜெமிமா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷேவிங் பண்ணும்போது இடது கன்னத்தில் கொஞ்சம் விட்டுவிட்டேனாம். கோயிலுக்குப் போய் வந்த பிறகு ரூபவதி சொல்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஐந்து நாளாக ஜெமிமாவுக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, "அதையே பாருங்கப்பா" என்கிறாள். பார்க்கிறேன். "புள்ளியப் பாருங்கப்பா, பக்கத்துல பாக்காதீங்க." அவள் சொல்கிற மாதிரி நேராகப் பார்த்தால் புள்ளி காணாமல் போகிறது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இருக்கிறது. தள்ளித்தான் பார்த்தேன்.

நான் வாசிக்கும்போது என் பார்வை எங்கெல்லாம் விழுந்தது என்று திரையில் எனக்கே காட்டினாள். பக்கம் முழுக்க நோட்ஸ் ஓரிடத்தில், என் பார்வை அதற்கு வலப்பக்கம் மேலே. ஒரு இடத்தில்கூட நோட்ஸ் மேல் விழவில்லை.

"நோட்ஸப் பாக்காமலே எப்படிப்பா வாசிச்சிருப்பீங்க? கேமராதான் தப்பாக் காட்டுது. என் கணக்குலதான் எங்கேயோ தப்பு" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் கணக்கு வாத்தியார். அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவள் கணக்கில் தப்பு வராது என்று எனக்குத் தெரியும். "நல்லாப் பாரும்மா, எங்கேயாவது இருக்கும்" என்றேன்.

பீரோவில் பழைய சர்டிபிகேட்டுகளுக்கு அடியில், மார்ச் மாதம் திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறது. எதற்கு இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது? கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம், மாதா மாதம். சொன்னால் முதலில் ஆர்கன் சாவியைத்தான் வாங்குவார்கள். பண்டிகை முடியட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

ஜெமிமா எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறாள். நான் தென்னை மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பண்டிகை ஆராதனைக்கான எண்களை எழுதிக்கொண்டு மாசிலாமணி வந்தான். சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் போகவில்லை.

"படிச்சிட்டீங்களா சார்?"

"படிக்காமலா போடுவேன்?"

"அஞ்சு பாட்டும் சரியா இருக்கா சார்?"

"சரியாத்தான் எழுதிருக்க. போய் மாட்டு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்புப் பண்ணியது அவன், பரீட்சை எனக்கா?

அவன் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை மடித்து என் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகினான். பலகையில் எண்களை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, என் காதருகே குனிந்து, "மொதப் பாட்டு நூத்திப் பன்னெண்டு சார். ரெண்டாவது நாப்பத்தொன்னு" என்று ஐந்தையும் மெதுவாகச் சொன்னான். பண்டிகை அன்றைக்கும் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் வந்து சொல்வானாம்.

எதற்கு? எனக்குப் படிக்கத் தெரியாதா?

செப்டம்பர் 27, சனி

கடைசிப் பயிற்சி. ஏழாம் பக்கத்தில் தாவியது. பதினோராம் பக்கத்தில் தாவியது. சென்னை மேனேஜர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெமிமாவிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் பேசினார். மற்ற இருவரிடமும் நன்றாக ஓடுகிறதாம், இங்கே மட்டும் ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லையாம், காரணம் தெரியாத கோளாறை வைத்துக்கொண்டு மேடைக்குப் போக முடியாதாம். நாளைக்கும் இப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து அவளும் அவளோடு இருக்கிற நாலு பேரும் வேறு வேலைக்கு.

ஜெமிமா உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். முப்பது வயதுப் பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் போனேன். "சவத்த விடும்மா, மிசினுதான" என்றேன். அதைத்தான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ரூபவதி என் பாட்டுப் புத்தகத்தைத் துடைக்கும்போது அந்தச் சீட்டு கீழே விழுந்தது. எடுத்துப் படித்தாள்.

"என்னங்க இது? அஞ்சு வரியிலயும் எழுபத்து மூணுன்னுல்லா எழுதிருக்கு. கீழ உங்க கையெழுத்து."

சீட்டை அதே பக்கத்தில் வைத்து மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு, விடிகாலை

அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. அந்தச் சீட்டை ஐயரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் அவன் பெயர் சுத்தமாகியிருக்கும். காட்டவில்லை. என் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, என் காதில் வந்து எண்ணைச் சொன்னான். நான் அவனைக் கமிட்டி முன்னால் கைகட்டி நிற்க வைத்தவன்.

ஒருத்தர் மேல் பழி போட்டது போதாதென்று பெற்ற பிள்ளை மேலும் போட்டாயிற்று. கல்யாணத்தன்று எழுபத்தெட்டுதான் இருந்திருக்கும். ஏழு தெரிந்தது. அடுத்ததில் வலது ஓரம் மட்டும் வளைவாகத் தெரிந்தது. மூன்று என்று நானே வைத்துக்கொண்டேன்.

பயமாக இருக்கிறது. ஜெமிமா எழுந்துவிட்டாள், குழாய்ச் சத்தம் கேட்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நான் சொல்லச் சொல்ல ரூபவதி எழுதுகிறாள். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கோயிலில் யாரும் வருவதற்கு முன்னால், ஆர்கன் பெஞ்சில் வைத்து ஜெமிமாவிடம் சொன்னேன். "உன் கணக்குல தப்பில்லம்மா. எனக்கு நடுவுல ஒண்ணும் தெரியல. இடது கண்ணுல சுத்தமா இல்ல. ஓரத்துலதான் பாக்கேன்."

கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"எப்பத்துலேருந்து?"

"போன வருசம் கிறிஸ்மசுலேருந்து."

"ரெண்டு வாரமா நான் முட்டாள்னு நெனச்சிட்டிருந்தேன்ப்பா. எங்கூட வேல பாக்கவங்களத் திட்டிட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஆமாவா? அவ்வளவுதானா?" என்று கத்தினாள். காலியாக இருந்த கோயில் முழுக்க அது கேட்டது. (அழுதீர்கள்தானே, அதையும் சொல்லுங்கள் என்கிறாள் ரூபவதி. சரி. அழுதேன்.)

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். சிவப்புப் புள்ளி வந்தது. "இப்ப நேராப் பாக்க வேண்டாம். எங்க பாத்தா தெரியுதோ அங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். நான் பார்க்கிற இடம் வேறு, எனக்குத் தெரிகிற இடம் வேறு என்று கண்ணாடிக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதல் பக்கம் வாசித்தேன், ஓரத்துக்கு வந்தேன், இரண்டாம் பக்கம் வந்தது. மூன்றாம் பக்கம். நாலாம் பக்கம். மூன்று வாரம் நான் வாயைத் திறக்காத ஒன்றுக்குத்தான் அவள் அத்தனை பாடு பட்டிருக்கிறாள்.

மேனேஜரிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். நானே சொல்கிறேன் என்று போனை வாங்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பார்வை குறைந்தவர்கள் இதைப் போட்டு வாசிக்கலாம் என்று யாருமே யோசிக்கவில்லையே என்றார். வேலையை மூட மாட்டார்களாம்.

பதினாறு பக்கமும் தாவாமல் ஓடியது. பதினாலாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன், அது கண்ணாடி அல்ல, நான். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் மாசிலாமணி வந்து காதில் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐயர் அறிவிப்புகளை வாசித்து முடித்ததும் நான் பெஞ்சிலிருந்து எழுந்து மைக் கேட்டேன். பொன்னையா குடும்பமும் சபையில்தான் இருந்தார்கள், முகம் தெரியவில்லை. "கல்யாணத்தன்னைக்குப் பலகையில எழுபத்தெட்டுதான் இருந்துச்சு. கோயில் பிள்ளை சரியாத்தான் மாட்டுனார். எனக்குக் கண்ணு தெரியல, அதச் சொல்லப் பயந்து அவர் மேல போட்டுட்டேன். எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கேன்" என்றேன்.

பண்டிகை விருந்தான அசனத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாசிலாமணி சோற்று வாளியோடு என் இலைக்கு வந்தார். கறி எது, சோறு எது என்று என் கையைப் பிடித்துக் காட்டினார்.

"மைக்குல சொல்லிருக்க வேண்டாம் சார். என்ட்ட மட்டும் சொல்லிருந்தா போதும்" என்றார்.

நேற்று டாக்டரிடம் போனோம். இடது கண்ணை மீட்க முடியாது. வலது கண்ணை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்ப்பார்களாம். "மார்ச்சுலயே ஊசிக்கு வந்திருந்தா ரெண்டையும் பாத்திருக்கலாமே, வாத்தியார்தான நீங்க?" என்றார். ஜெமிமா அறையை விட்டு வெளியே போய்விட்டாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

ஆர்கன் சாவியைக் கமிட்டியிடம் நானே கொடுத்துவிட்டேன். புது ஆள் கிடைக்கும் வரை வாசிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அது கிறிஸ்மஸ் வரை இருக்கலாம், அடுத்த ஞாயிறு வரையும் இருக்கலாம்.

எனக்குக் கண் தெரியாதது உனக்கு எப்போது தெரியும் என்று ரூபவதியிடம் கேட்டேன். அதையும் எழுதுகிறாள். திரும்பக் கேட்டதற்கு, இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜூலை மாசத்துலேருந்து வரிக்கு மேல வரி எழுதிருக்கீங்க. எனக்கு ஒரு எழுத்தும் படிக்க முடியல" என்றாள். இதைத் தூசி தட்டி வைக்கிறவள் அவள்தானே.

கட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பேனாவை வாங்கி, இதை மட்டும் நானே எழுதுகிறேன். கோடு தெரிகிறதா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். இந்த நோட்டில் கோடுகளெல்லாம் நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.